மனுவில் ‘தக்க நடவடிக்கை’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் முடிந்தால், மறுநாள் காலை உங்கள் சேலம் பதிப்பில் ஒரு படம் வந்துவிடும். ஆட்சியர் அலுவலக வாசலில் கையில் மனுவோடு நிற்கும் கூட்டம். கீழே யாராவது ஒருவர், ‘பலமுறை மனு கொடுத்தும் பயனில்லை’ என்று சொல்லியிருப்பார். அதில் அலுவலகங்களின் மெத்தனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறுக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனால் மனு எழுதிக் கொடுப்பதே தொழிலாக உள்ளவர்களுக்கு இன்னொரு பங்கும் கண்ணில் படும். ஒரு பக்கம் முழுக்கப் படித்த பிறகும், இவருக்கு என்ன வேண்டும், எந்த இடத்தில் வேண்டும் என்பது பல மனுக்களில் தெரிவதே இல்லை.

உறையில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதினாலும், மனுவை உண்மையில் படிக்கப்போவது இரண்டு பேர். ஒருவர் அதைப் பதிந்து, எந்தத் துறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பணியாளர். அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் காகிதம் இருக்கும். உங்கள் மனுவுக்குக் கிடைப்பது அரை நிமிடம்கூட இருக்காது. இன்னொருவர், அது கடைசியாகப் போய்ச் சேரும் கிராம நிர்வாக அலுவலரோ, சர்வேயரோ, மாநகராட்சி உதவிப் பொறியாளரோ. அவர் அந்தக் காகிதத்தோடு இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். முன்னவருக்குத் துறை தெரிய வேண்டும். பின்னவருக்கு இடமும் வேலையும் தெரிய வேண்டும். ஆட்சியரின் மனம் உருக எழுதிய நான்கு வரிகள் இந்த இருவருக்கும் உதவாது.

அரசுக் கடிதங்களில் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்குமே, மனுவுக்கும் அதுதான் உயிர். ‘பொருள்: நில சம்பந்தமாக’ என்று எழுதினால் பதிவு செய்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். பட்டா மாறுதலா, அளவையா, ஆக்கிரமிப்பா, பத்திரப்பதிவா? நான்கும் நான்கு வழியில் போகும். வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), கோரிக்கை ஆகிய நான்கும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டும். முன்பே மனு கொடுத்திருந்தால் அடுத்த வரியில் ‘பார்வை’ என்று போட்டு, அதன் தேதியையும் ஒப்புகை எண்ணையும் எழுதுங்கள். பதில் வந்திருந்தால் அதன் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) அங்கேயே வரட்டும். பழைய கோப்பைத் தேடி எடுக்க அலுவலகத்துக்கு அந்த எண்தான் வழி.

ஒரு மாதிரியைப் பார்க்கலாம். எண்களும் தேதிகளும் உதாரணத்துக்காக வைத்தவை; வாசகம் மட்டும் வாரந்தோறும் அப்படியே வருவது:

‘மேற்படி விலாசத்தில் குடியிருந்துவரும் நான் கூலி வேலை செய்து பிழைத்து வரும் நிலையில் எங்களுக்குப் பாத்தியப்பட்ட காட்டுக்குப் போகும் தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் கடந்த சில மாதங்களாக முள் போட்டு மறித்துவிட்டு கேட்டால் தகாத வார்த்தைகளால் திட்டியும் மிரட்டியும் வருவதாலும் பலமுறை மனு கொடுத்தும் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாமல் இருந்து வருவதாலும் அய்யா அவர்கள் தயவுகூர்ந்து தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஒரே வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை ‘செய்து, போட்டு, விட்டு, கேட்டால், வருவதால்’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் இலக்கணம் தடுக்காது. படிப்பவர்தான் நடுவழியில் எழுவாயைத் தொலைப்பார். ‘மறித்துவிட்டு கேட்டால்’ என்பதில் மறித்தவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர். வாக்கியம் அதைச் சொல்லவில்லை. இடம் இல்லை, தேதி இல்லை. திட்டியதும் மிரட்டியதும் காவல் நிலையத்துக்குரிய விஷயம், பாதை வருவாய்த்துறைக்குரியது. இரண்டும் ஒரே மனுவில் இருந்தால், ஒரு துறை மற்றத் துறையைக் கைகாட்டிவிட்டு மனுவை முடித்துவிடலாம். இதையே இப்படி எழுதலாம்:

‘பொருள்: ஓமலூர் வட்டம், (கிராமத்தின் பெயர்), புல எண் 112/4 வண்டிப்பாதையில் போட்டுள்ள முள்வேலியை அகற்றக் கோருதல்.

பார்வை: எனது 12.5.2025, 9.6.2025 தேதியிட்ட மனுக்கள் (ஒப்புகை நகல்கள் இணைப்பில்).

புல எண் 112/3-ல் எனக்கு 40.50 ஏர் புன்செய் நிலம் உள்ளது. பட்டா எண் 587. இந்த நிலத்துக்குப் போக ஒரே வழி, புல எண் 112/4 வண்டிப்பாதைதான். அ பதிவேட்டில் இது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று உள்ளது. புல எண் 112/5-ன் உரிமையாளர் 10.3.2025 அன்று இந்தப் பாதையின் குறுக்கே 15 அடி நீளத்துக்கு முள்வேலி போட்டார். அன்று முதல் என் நிலத்துக்கு டிராக்டர் போக முடியவில்லை. புல எண் 112/4-ஐ அளந்து, எல்லையைக் காட்டி, வேலியை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

அவ்வளவுதான். கூலி வேலை, ஏழ்மை, தாழ்மை எதுவும் இல்லை. மிரட்டலுக்குத் தனியாகக் காவல் நிலையத்தில் புகார் எழுதி, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘தக்க நடவடிக்கை’ போய், ‘அளந்து, காட்டி, அகற்றி’ என்று மூன்று வினைகள் வந்திருப்பதைக் கவனியுங்கள். தக்கது எது என்று முடிவு செய்யும் வேலையை அலுவலகத்திடம் விட்டால், ‘மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி எழுதுவதே தக்க நடவடிக்கை ஆகிவிடலாம். அளந்தார்களா இல்லையா என்ற கேள்விக்கு அப்படி நழுவ முடியாது.

எழுத உட்காரும் முன்பே தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (நில எல்லை வரைபடம்) மூன்றையும் எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். வழக்கமாக நடந்துபோகும் தடம் பதிவேட்டில் பாதையாகவே இல்லாமல், அடுத்தவர் பட்டா நிலத்தின் ஒரு பகுதியாக இருந்தால் மனுவின் போக்கே மாறிவிடும். அந்த வழித்தட உரிமையை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும். எத்தனை திங்கட்கிழமை வந்தாலும் ஆட்சியர் அலுவலகத்தில் அது தீராது.

பரப்பளவில் வரும் குழப்பம் தனி ரகம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் அளவு இருக்கும். ‘0 - 40.50’ என்று இருப்பதைப் பார்த்து 40 சென்ட் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஆக 40.50 ஏர் என்றால் ஏறக்குறைய 100 சென்ட், ஒரு ஏக்கர். பத்திரத்தில் ஒரு ஏக்கர், மனுவில் 40 சென்ட், பட்டாவில் 40.50 என்று மூன்று எண் இருந்தால், ‘விவரங்கள் முரண்பாடாக உள்ளன’ என்று திருப்பி அனுப்ப அதுவே போதும். பட்டாவில் உள்ளபடி ஏரில் எழுதி, பக்கத்தில் ஏக்கர் கணக்கையும் குறியுங்கள். பத்திரத்தைக் குறிப்பிடும்போது ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஆவண எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், வெறும் எண்ணை வைத்து எதையும் தேட முடியாது.

சேலத்தில் வட்டத்தின் பெயரிலேயே தடுக்கி விழுகிறார்கள். சேலம், சேலம் தெற்கு, சேலம் மேற்கு என்று மூன்று வட்டங்கள் இருக்கின்றன. ‘சேலம் வட்டம்’ என்று பழக்கத்தில் எழுதினால் மனு தவறான வட்டாட்சியரிடம் போய்த் திரும்பி வரும். அதற்குள் சில வாரம் ஓடிவிடும். மாநகராட்சிக்குள் என்றால் கோட்ட எண்ணோடு, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கில் எந்த மண்டலம் என்பதும் வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ‘மாரியம்மன் கோயில் பக்கத்தில்’ என்ற அடையாளம் சேலத்தில் எத்தனை கோயிலுக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். ஏற்காடு மலைப்பாதை இந்த விஷயத்தில் வசதி. 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருக்கிறது. ‘மலைப்பாதையில் மண் சரிந்துள்ளது’ என்பதைவிட, ‘14-ஆவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மேலே சுமார் 200 மீட்டரில், இடது பக்கம்’ என்பது பொக்லைன் ஓட்டுபவருக்கே நேராகப் புரியும். மலைக்கு மேலே குக்கிராமத்தின் பெயரோடு நிறுத்தாமல் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என ஊராட்சியின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பேச்சும் சில நேரம் காலை வாரிவிடும். ஓமலூர், எடப்பாடிப் பக்கம் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்போம். ‘எங்கள் காட்டில் மரம் வெட்டிவிட்டார்கள்’ என்ற மனுவை வெளிமாவட்ட அலுவலர் படித்தால், வனத்துறைக்கு அனுப்புவது அவருடைய பிழை ஆகாது. ‘புன்செய் பட்டா நிலம்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை. ‘தடம்’ என்பதை வண்டிப்பாதை என்றோ நடைபாதை என்றோ பிரித்து எழுத வேண்டும். ‘தோட்டம்’ மலைக்குக் கீழே கிணற்றுப் பாசன நிலம். ஏற்காட்டில் காபி எஸ்டேட். இதையெல்லாம்விட முக்கியம் ‘மலையாளி’. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். வெளியூர்க்காரர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கேரளத்தை நினைப்பார். சாதிச் சான்று, வன உரிமை தொடர்பான மனுக்களில் முதல் வரியிலேயே ‘சேர்வராயன் மலையில் வசிக்கும் மலையாளி (பழங்குடியினர்)’ என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது.

இதற்காகக் கடினமான அலுவலகத் தமிழ் வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ‘நில அளவர்’ என்றாலும் ‘சர்வேயர்’ என்றாலும் வருபவர் ஒருவரே. 1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கச் சங்கம் கண்ட ஊர் இது. புதுச்சொல் நமக்குப் பகை இல்லை. மனுவில் மட்டும் இருவருக்கும் தெரிந்த சொல் போதும். அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அரசு வங்கிக்கோ ரயில்வேக்கோ எழுதும்போதும் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதித் தடுமாற வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய சில வழுக்கல்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் வரவில்லை.’ ஒரு வீட்டுக்கும் வரவில்லையா, சில வீடுகளுக்கு மட்டும் வரவில்லையா? இரண்டு பொருளும் சரியாகவே வரும். ஆய்வுக்கு வந்தவர் ஒரு வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு ‘புகார் உண்மையல்ல’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ‘எந்த வீட்டுக்கும் வரவில்லை’ என்றோ, ‘42 வீடுகளில் மேட்டில் உள்ள 17 வீடுகளுக்கு வரவில்லை’ என்றோ எழுதுங்கள். ‘பழுதடைந்த தெருவில் உள்ள குழாய்’ என்றால் பழுது தெருவுக்கு. ‘தெருவில் உள்ள பழுதடைந்த குழாய்’ என்றால் குழாய்க்கு. அடைமொழி தனக்கு உரிய பெயரை ஒட்டியே நிற்க வேண்டும். ‘என் அண்ணன் அவருடைய மகனிடம் அவர் நிலத்தை எழுதிக் கொடுத்தார்’ என்பதில் யாருடைய மகன், யாருடைய நிலம்? பாகப்பிரிவினை மனுக்களில் ‘அவர்’ என்ற சொல்லையே தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு இடத்திலும் பெயரை எழுதலாம். ஓசை கெட்டாலும் கெடட்டும். ‘மேற்படி’யும் அதே சாதிதான். மேலே மூன்று பேர் இருந்தால் மேற்படி நபர் யார்?

‘நமது தெருவில் சாக்கடை’ என்று ஆட்சியருக்கு எழுதுவார்கள். ‘நாம்’ என்றால் கேட்பவரும் அதில் சேர்ந்துவிடுவார். அவர் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லையே! ‘எங்கள்’ என்பதுதான் சரி.

செயப்பாட்டு வினை மனுவுக்கு ஆகாது. ‘குழாய் உடைக்கப்பட்டது’ என்றால் உடைத்தது யார் என்பது மறைந்துவிடுகிறது. கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்களா, லாரியா, தானாகத் துருப்பிடித்ததா என்பதைப் பொறுத்துப் பணம் கட்ட வேண்டியவர் மாறுவார். தெரிந்தால் யார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘யார் என்று தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்லலாம்: இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் நாளிதழ்களுக்கும் பங்குண்டு. ‘விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது’ என்ற செய்தியில் சொன்னவரும் இல்லை, செய்பவரும் இல்லை, தேதியும் இல்லை.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ4 தாளில் ஒரு பக்கம், மீறினால் ஒன்றரை. இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடுங்கள். கோப்பில் துளை போட்டு டேக் கட்டும்போது ஓரத்து எழுத்துகள் உள்ளே போய்விடும். மேலே இரண்டு அங்குலம் காலியாக இருந்தால் அலுவலர் குறிப்பு எழுதவும் முத்திரை குத்தவும் இடம் இருக்கும். இல்லாவிட்டால் முத்திரை உங்கள் பொருள் வரி மேலேயே விழும். கைப்பேசி எண் பெயருக்குக் கீழே தெளிவாக இருக்கட்டும். 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும் கையெழுத்து என்றால் புல எண்ணை இரண்டு இடத்தில் எழுதிவிடுங்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் இணைக்காதீர்கள். நகல்களில் 1, 2, 3 என்று எண் போட்டு, மனுவின் அடியில் ‘இணைப்பு’ என்று அதே வரிசையில் எழுத வேண்டும். டி.டி.பி. கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே இணையதளத்தில் ஒட்டினால் அங்கே குப்பையாகத்தான் தெரியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதிலேயே அடித்துத் தரச் சொல்லுங்கள்.

ஊர் சேர்ந்து கொடுக்கும் மனுவில் கையெழுத்துப் பக்கம் தனித்தாளாக இருந்தால், அதன் தலையிலும் பொருள் வரியைத் திரும்ப எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கிய 60 கையெழுத்து நாளைக்கு எந்த மனுவோடும் ஒட்டிக்கொள்ளும். பெயருக்குப் பக்கத்தில் கதவு எண் இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை.

ஒரே குறையை வட்டாட்சியருக்கு, ஆட்சியருக்கு, முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணுக்கு, அமைச்சருக்கு என்று நான்கு இடங்களில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு வாசகத்தில், வேறு வேறு அளவோடு கொடுக்கிறார்கள். நான்கும் கடைசியில் ஒரே கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்குத்தான் வரும். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனுதாரர் மாற்றி மாற்றிப் பேசுவது போல இருக்கும். ஒரே வாசகத்தை நகல் எடுத்துக் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் அதே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்தலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1)-ன் கீழ் எழுத வேண்டும். இங்கேயும் வாசகம்தான் கெடுக்கிறது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும். விளக்கமோ கருத்தோ கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘9.6.2025 தேதியிட்ட எனது மனு எந்தெந்த அலுவலருக்கு எந்தெந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற விவரம். அதன் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். கள ஆய்வு அறிக்கையின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-ன்படி அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். சேர வேண்டிய அலுவலகம் தெரியாமல் தவறான இடத்தில் கொடுத்துவிட்டால், பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எழுதி முடித்ததும் மனுவை, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போதும். ‘எங்கே? யார்? எப்போதிலிருந்து? என்ன செய்யணும்?’ இந்த நான்கில் எதையாவது அவர் திருப்பிக் கேட்டால், அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை வரும் படத்தைக் குறைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். பட்டா மாறுதல், வண்டிப்பாதை, குடிநீர், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று வாரம் ஒரு வகைக்கு, எந்த அலுவலகம், என்னென்ன எண்கள், என்னென்ன நகல்கள் வேண்டும் என்பதை ஒரு மாதிரி மனுவோடு அச்சிடலாம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏற்காட்டிலிருந்தும் கெங்கவல்லியிலிருந்தும் கிளம்பி வருபவர்கள் அதைக் கத்தரித்துக் கையில் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் மூவர்,
சேலம்.